ஹாஷிம் ஆம்லா: டர்பனில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் இந்தியர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பகுதியின் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கோடைகாலத்தில், ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் புத்தகம் எழுதுகிறேன். இரண்டு இடத்திலும் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா என்ற ஒரே மனிதரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களோ விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அங்கிள், ஆம்லா நம்ம ஆளா? தமிழா?

தமிழர் இல்லை. அவர் குடும்பத்தின் வேர் குஜராத்தில், சூரத் பக்கம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் துறையில் இறங்கியவர்கள் நம் முன்னோர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1911 வரை அப்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். குஜராத்திகளில் பெரும்பாலோர் 1870களுக்குப் பிறகு சொந்தக் காசில் பயணச்சீட்டு எடுத்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். இரண்டு வழி, இரண்டு மொழி. ஆனால் நிறவெறிச் சட்டம் எல்லோரையும் 'இந்தியர்' என்ற ஒரே பெட்டியில்தான் போட்டது.

என் அப்பா கிங்ஸ்மீட் மைதானத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர். அந்தப் பகுதியில் இருந்தவர்கள் வந்த அணிக்குத்தான் கை தட்டுவார்கள், சொந்த நாட்டு அணிக்கு இல்லை. அதே டர்பனில் பிறந்த ஒரு பையன் தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரரானபோது, அப்பா முதல் முறையாகத் தென்னாப்பிரிக்கா ஜெயிக்க வேண்டும் என்று சொன்னார். நம்ம ஆளா என்று கேட்டால் இதுதான் என் பதில்.

எத்தனை ஆட்டம், எத்தனை ரன்? சுருக்கமா சொல்லுங்க.

பிறந்தது 1983 மார்ச் 31. டெஸ்டில் 124 ஆட்டம், 9,282 ரன், 28 சதம், சராசரி 46.64. ஒருநாள் போட்டியில் 181 ஆட்டம், 8,113 ரன், 27 சதம், சராசரி 49.46. தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்டில் இவரைவிட அதிக ரன் எடுத்தவர் ஜாக் காலிஸ் ஒருவர்தான். ஒருநாள் போட்டியில் தென்னாப்பிரிக்கர் யாரும் 27 சதம் வரை வந்ததில்லை. 2019 ஆகஸ்ட் 8 அன்று சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2025 ஜூனில் ஐசிசி புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார், கிரேம் ஸ்மித்தும் தோனியும் சேர்ந்த அதே ஆண்டில்.

சின்ன வயசுலேயே கேப்டனா இருந்தாராமே?

ஆமாம். டர்பன் ஹை ஸ்கூலில் படித்தார். பேரி ரிச்சர்ட்ஸும் லான்ஸ் குளூஸ்னரும் படித்த பள்ளி அது. 2002ல் நியூசிலாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைமை தாங்கி இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அங்கே ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. 21 வயதில் டர்பன் அணியான டால்பின்ஸின் கேப்டன். அண்ணன் அஹமதும் அதே அணியில் ஆடியவர்.

கோட்டாவில் உள்ளே வந்தவர்தானே? மறைக்காமல் சொல்லுங்கள்.

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள் என்பதுதான் எனக்கு வலி. மறைக்க ஒன்றுமில்லை. அணியில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு இடம் வேண்டும் என்ற இலக்கு அந்தக் காலத்தில் இருந்தது. ஆம்லா 2004 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் அறிமுகமாகி 24, 2 என்று ஆட்டமிழந்தார். அடுத்து இங்கிலாந்து வந்தபோது இரண்டு டெஸ்டில் ஓர் அரைசதம்கூட இல்லை. அணியிலிருந்து நீக்கப்பட்டார். 'நிறத்துக்காக எடுத்தார்கள், ஆட்டம் இல்லை' என்ற பேச்சு அப்போது பிறந்து இன்றுவரை சுற்றுகிறது.

2006 ஏப்ரலில் கேப் டவுனில் நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து 149 அடித்தார். அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் மேலே இருக்கிறது. கோட்டா ஒருவரை வாசல் வரை கொண்டுவரும், 9,282 ரன்னை எடுத்துத் தராது. இன்னொன்றையும் கேட்பவர்கள் யோசிக்க வேண்டும். 1889ல் தொடங்கி 1970ல் உலகம் ஒதுக்கிவைக்கும் வரை இந்த நாடு ஆடிய டெஸ்ட் ஆட்டங்களுக்கு ஆள் எடுத்ததே நிறம் பார்த்துத்தான். அந்தப் பட்டியலில் இருப்பவர்களை யாரும் 'கோட்டா வீரர்' என்று கூப்பிடுவதில்லை.

பேட்டை எங்கேயோ தூக்கிக்கிட்டுப் போறாரே, அது தப்பான ஸ்டைல் இல்லையா?

பயிற்சியாளர்கள் பாடம் நடத்தும் முறைப்படி தப்புதான். பேட் விக்கெட் கீப்பரை நோக்கி நேராகப் பின்னால் போக வேண்டும் என்பார்கள். ஆம்லாவின் பேட் கல்லி இருக்கும் திசைக்கு உயரமாகப் போய், ஒரு வளையம் சுற்றி இறங்கும். 2005ல் அவர் தோற்றபோது எல்லோரும் கை காட்டியது பேட்டைப் பின்னால் தூக்கும் அந்தப் பேக்லிஃப்டைத்தான். நேராக வரும் பந்துக்கு பேட் நேரத்துக்கு வந்து சேராது என்றார்கள்.

அவர் அதைத் தூக்கி எறியவில்லை. பந்து வந்து சேரும் கணத்தில் பேட் நேராக இருக்கிறதா, தலை அசையாமல் இருக்கிறதா, அவ்வளவுதான் கணக்கு. ஆம்லாவின் பேட் எங்கிருந்து புறப்பட்டாலும் பந்தைச் சந்திக்கும் இடத்துக்கு நேராகத்தான் வந்தது. மணிக்கட்டோ நம் ஊர்க்காரர் மணிக்கட்டு. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழும் பந்தை மிட்விக்கெட்டுக்குத் திருப்பிவிடுவார், அடுத்த பந்தை அதே இடத்திலிருந்து கவர் திசையில் அனுப்புவார். பேட் வெளியிலிருந்து உள்ளே வருவதால்தான் இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தது என்பது என் கணிப்பு. லீக்கில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இப்படியே ஆடுகிறான். திருத்தலாமா என்று அவன் அப்பா கேட்டார். ரன் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார். அப்படியானால் விட்டுவிடுங்கள் என்றேன்.

மெதுவா ஆடுறவர்னு தானே பேரு?

டெல்லியை மட்டும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வார்கள் (அதற்குக் கீழே வருகிறேன்). 2012 டிசம்பரில் பெர்த்தில், ரிக்கி பாண்டிங்கின் கடைசி டெஸ்டில், ஆஸ்திரேலியாவின் வேகப்பந்துகளைச் சந்தித்து 221 பந்தில் 196 அடித்தார். தென்னாப்பிரிக்கா 309 ரன் வித்தியாசத்தில் வென்று தொடரைக் கைப்பற்றியது.

ஒருநாள் போட்டியில் 2,000 முதல் 7,000 வரை ஒவ்வோர் ஆயிரத்தையும் எட்டியபோது, அதுவரை யாரும் அவ்வளவு குறைந்த இன்னிங்ஸில் எட்டியதில்லை. 7,000 ரன்னுக்கு அவருக்குத் தேவைப்பட்டது 150 இன்னிங்ஸ். 8,000ல்தான் விராட் கோலி ஒரே ஒரு இன்னிங்ஸ் முந்தினார்: கோலி 175, ஆம்லா 176. இவரை டெஸ்டுக்கு மட்டுமே லாயக்கு என்று எண்ணி 2008 மார்ச் வரை ஒருநாள் அணியில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள்.

2015 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் ஏபி டி வில்லியர்ஸ் 31 பந்தில் சதம் அடித்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று தொடக்கத்திலிருந்து 50 ஓவரும் நின்று 153 எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பியவர் யார் என்று வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. ஆம்லாவின் வேகம் கண்ணை உறுத்தாத வேகம். அதனால்தான் மெதுவாகத் தெரிந்தது.

311 அடிச்சப்ப நோன்பு வைச்சிருந்தாரா?

இல்லை. 2012 ஜூலை, லண்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். ரமலான் மாதம் தொடங்கிவிட்டது உண்மை. இஸ்லாத்தில் பயணத்தில் இருப்பவர் நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகை உண்டு. அதைத்தான் அவரும் எடுத்துக்கொண்டார், அவரே சொன்னதுதான். 'பட்டினியோடு முச்சதம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அனுப்பாதீர்கள். அந்த இன்னிங்ஸுக்கு இல்லாத அலங்காரம் தேவையில்லை.

529 பந்து, 790 நிமிடம், 35 பவுண்டரி. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் களத்தில் நின்றார். கிரேம் ஸ்மித் 131, காலிஸ் ஆட்டமிழக்காமல் 182. இரண்டே விக்கெட் இழந்து 637 எடுத்து டிக்ளேர் செய்து, இன்னிங்ஸ் மற்றும் 12 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். தென்னாப்பிரிக்கர் ஒருவரின் முதல் டெஸ்ட் முச்சதம் அது. அந்தத் தொடரின் கடைசி டெஸ்டில், லார்ட்ஸில், மறுபடி 121. தொடரை 2-0 என்று வென்று தென்னாப்பிரிக்கா உலகத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது.

அவர் 300ஐத் தொட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். கூழ்ப் பானைக்கு வரிசையில் நின்றவர்கள் நடுவே யாரோ ஒருவர் கைப்பேசியைப் பார்த்து '300' என்று சொன்னார். பூசாரி ஐயா திரும்பிப் பார்த்து, "அடிச்சுட்டானா?" என்று கேட்டுவிட்டுத் தீபாராதனையைத் தொடர்ந்தார்.

அதான் 2025ல மல்டர் முறியடிச்சுட்டாரே, இனி 311க்கு என்ன மதிப்பு?

வியான் மல்டர் 2025 ஜூலையில் புலவாயோவில் ஜிம்பாப்வேக்கு எதிராக 367 எடுத்து, டெஸ்ட் உலகச் சாதனையான லாராவின் 400க்கு 33 ரன் மிச்சம் இருக்கும்போது டிக்ளேர் செய்தார். தென்னாப்பிரிக்கரின் அதிகபட்ச ஸ்கோர் இப்போது அவருடையது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதிரணி, மைதானம், அந்தத் தொடரால் கிடைத்த முதலிடம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓவல் இன்னிங்ஸை நான் மேலே வைப்பேன்.

பியர் கம்பெனி சின்னத்தைச் சட்டையில் போட மறுத்ததற்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அபராதம் கட்டினாராமே?

மறுத்தது உண்மை. தென்னாப்பிரிக்க அணிக்கு அப்போது காசில் லாகர் விளம்பரதாரர். மது தன் மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்பதால் அந்தச் சின்னம் இல்லாத சட்டை வேண்டும் என்று கேட்டார். கிரிக்கெட் வாரியமும் நிறுவனமும் சம்மதித்தன. பின்னால் இம்ரான் தாஹிரும் அப்படியே அணிந்தார். அபராதக் கதையை நான் நம்பவில்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயத்துக்கு அபராதம் எங்கிருந்து வரும்?

எனக்கு இதில் பிடித்தது வேறு. அணித்தோழர்கள் வெற்றியைப் பியரோடு கொண்டாடியபோது அவர் யாரையும் தடுக்கவோ, உபதேசம் செய்யவோ போகவில்லை. தனக்கு வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

டீன் ஜோன்ஸ் விவகாரம் என்ன?

2006 ஆகஸ்டில் கொழும்பு டெஸ்டில் ஆம்லா ஒரு கேட்ச் பிடித்தார். ஒலிவாங்கி அணைந்துவிட்டது என்று எண்ணி, வர்ணனையாளராக இருந்த ஆஸ்திரேலிய முன்னாள் வீரர் டீன் ஜோன்ஸ் அவரைப் பயங்கரவாதி என்று குறிப்பிட்டார். அது ஒளிபரப்பாகிவிட்டது. தொலைக்காட்சி நிறுவனம் அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஜோன்ஸ் மன்னிப்புக் கேட்டார், ஆம்லா ஏற்றுக்கொண்டார். தாடியைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல். அதற்கு அவர் பேட்டி கொடுத்துப் பதிலடி தரவில்லை. இதற்கு மேல் இதைக் கிளற எனக்கும் விருப்பமில்லை.

வெள்ளையர் அல்லாத முதல் கேப்டன் இவர்தானே?

நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர்களில் முதல்வர். 2006ல் இலங்கையில், மேலே சொன்ன அதே தொடரில், ஸ்மித் காயத்தால் வராததால் ஆஷ்வெல் பிரின்ஸ் தற்காலிகமாகத் தலைமை தாங்கினார். 2014 மார்ச்சில் ஸ்மித் ஓய்வு பெற்றதும், ஜூனில் டெஸ்ட் அணி ஆம்லாவிடம் வந்தது. பிறகு டர்பனைச் சேர்ந்த இன்னொருவர், கேசவ் மகராஜ், பல ஆட்டங்களில் தலைமை ஏற்றிருக்கிறார். அவரும் தமிழர் இல்லை, கேட்டுவிடாதீர்கள்.

கேப்டனாகத் தோற்றுப்போனவர் என்கிறார்களே. சரியா?

14 டெஸ்ட், 4 வெற்றி, 4 தோல்வி, 6 டிரா. இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வது, ஸ்கோர் அட்டையின் கடைசி வரியை மட்டும் படிப்பது போல.

ஆரம்பம் எப்படி இருந்தது? முதல் தொடர் இலங்கையில். காலியில் 153 ரன் வித்தியாசத்தில் வெற்றி. கொழும்பில் கேப்டனே ஆட்டமிழக்காமல் 139 அடித்து ஆட்டத்தை டிரா செய்தார். 1993க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா இலங்கையில் வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. ஸ்மித்தின் பெரிய அணிக்கும் கைகூடாதது. அடுத்து ஹராரேயில் வெற்றி. உள்ளூரில் மேற்கிந்தியத் தீவுகளை 2-0 என்று வென்றார்கள். செஞ்சூரியனில் அவர் அடித்த 208 அந்தத் தொடரில்தான். ஆறு டெஸ்டில் நான்கு வெற்றி, தோல்வியே இல்லை. பங்களாதேஷில் இரண்டு டெஸ்டையும் மழை கொண்டுபோனது.

பிறகு 2015 இறுதியில் இந்தியா. பந்து முதல் நாளே கூர்மையாகத் திரும்பும் ஆடுகளங்கள். நாக்பூர் ஆடுகளத்தை ஐசிசியே மோசமானது என்று மதிப்பிட்டது. அங்கே தோற்றதும், 2006 முதல் வெளிநாட்டில் ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்காமல் ஒன்பது ஆண்டு காத்த பெயர் போனது. ஏழு இன்னிங்ஸில் ஆம்லா எடுத்தது 43, 0, 7, 1, 39, 3, 25. மொத்தம் 118. ஐந்து ஆண்டுக்கு முன் அதே நாக்பூரில் ஆட்டமிழக்காமல் 253 எடுத்தவர்! அணி காலிஸையும் ஸ்மித்தையும் இழந்திருந்தது, காயத்தால் வேகப்பந்து வீச்சாளர் ஸ்டெய்ன் முதல் டெஸ்டுக்குப் பிறகு ஆடவில்லை. ஃபீல்டிங் அமைப்பில் அவர் காத்திருந்து பார்ப்பவர், தூண்டில் போடுபவர் இல்லை. அது ஒரு குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆடுகளங்களில் அந்த அணியை வைத்து எவர் ஜெயித்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

டெல்லியில் அப்படிக் கட்டை போட்டது ஏன்? தோற்கப்போகிற ஆட்டம்தானே!

2015 டிசம்பர். வெற்றிக்கு 481 தேவை, நேரமோ கிட்டத்தட்ட இரண்டு நாள். தொடர் ஏற்கெனவே போய்விட்டது. ஆம்லா 244 பந்தில் 25, டி வில்லியர்ஸ் 297 பந்தில் 43, டு பிளெசிஸ் 97 பந்தில் 10. 143 ஓவருக்கு மேல் நின்று 143 ரன்னுக்கு ஆட்டமிழந்து, 337 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

என் மச்சினர் சென்னையிலிருந்து அழைத்து "இது கிரிக்கெட்டா?" என்று திட்டினார். நான் வீட்டில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கம் முழுக்கப் புள்ளி, ரன் வராத பந்துக்கு வைக்கும் குறி. புள்ளி வைப்பது ஸ்கோர் எழுதுபவனுக்குச் சும்மா இருப்பது மாதிரி. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் அஸ்வினோ ஜடேஜாவோ வீசிய, திரும்பியோ திரும்பாமலோ வந்த ஒரு பந்து. ரன்னே வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் 244 முறை தவறாமல் இருப்பதற்கு எவ்வளவு ஓர்மை வேண்டும்! கடைசி நாளின் பிற்பகுதி வரை அந்த டெஸ்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் எளிதாகத் தோற்க மறுப்பது கிரிக்கெட்தான். மச்சினர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரட்டைச் சதம் அடித்துவிட்டு யாராவது பதவியை விடுவார்களா?

அவர் விட்டார். 2016 ஜனவரி, கேப் டவுன். இங்கிலாந்து 629, அதில் பென் ஸ்டோக்ஸ் 258. அதற்கு ஆம்லா பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்று 201. தெம்பா பவுமா ஆட்டமிழக்காமல் 102. கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் தென்னாப்பிரிக்காவுக்காக அடித்த முதல் டெஸ்ட் சதம். ஆட்டம் டிரா. முடிந்த அன்றே ராஜினாமா. தொடரில் இன்னும் இரண்டு டெஸ்ட் பாக்கி.

ரன் வராதபோது விட்டிருந்தால் விரட்டினார்கள் என்றிருப்பார்கள். தன் ஆட்டம் திரும்பிவிட்டது என்று காட்டிவிட்டு, டி வில்லியர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, மூன்றாம் இடத்தில் ஆடப் போனார். அதே தொடரின் கடைசி டெஸ்டில் செஞ்சூரியனில் 109, 96. தென்னாப்பிரிக்கா வென்றது. அணிக்கு எது பயன் என்று அவர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது.

உலகக் கோப்பை ஜெயிக்கவே இல்லையே?

இல்லை. 2011, 2015, 2019 மூன்றிலும் ஆடினார். 2015ல் அயர்லாந்துக்கு எதிராகக் கான்பெராவில் 159, அதுதான் அவருடைய அதிகபட்ச ஒருநாள் ஸ்கோர். அரையிறுதியில் ஆக்லாந்தில் 10. அந்தத் தோல்வியைப் பற்றி டர்பனில் இன்றும் யாரும் உரக்கப் பேசுவதில்லை. 2025 ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன் பட்டத்தைத் தூக்கியது பவுமா. அவருடைய முதல் சதம் யார் தலைமையில் வந்தது என்பது முந்தைய பதிலில் இருக்கிறது.

ஐபிஎல்லில் ஆடினாரா?

ஆடினார். 2017ல் பஞ்சாப் அணிக்காக ஒரே பருவத்தில் இரண்டு சதம், இரண்டும் 104. இருபது ஓவர் ஆட்டத்திலும் தன்னால் சதம் அடிக்க முடியும் என்று காட்டினார்.

கடைசியில் ஏன் இப்படி மங்கிப்போனார்?

வயது. வேறு மர்மம் இல்லை. 2017 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் வாண்டரர்ஸ் மைதானத்தில் தன் நூறாவது டெஸ்டில் 134 அடித்தார். நூறாவது டெஸ்டில் சதம் கண்ட எட்டாவது மட்டையாளர். அதன் பிறகு பெரிய ஸ்கோர்கள் அரிதாயின. ஒரு காலத்தில் ஐம்பதுக்கு மேலே இருந்த டெஸ்ட் சராசரி 46க்கு இறங்கியது. கடைசி டெஸ்ட் தொடர் 2019 பிப்ரவரியில், இலங்கையிடம் 2-0 தோல்வி. கடைசி ஒருநாள் ஆட்டமும் இலங்கையோடுதான், அந்த உலகக் கோப்பையில். ஆட்டமிழக்காமல் 80, வெற்றி.

பேட்டைக் கீழே வைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் சரே என்ற கவுண்டி அணிக்குப் போனார். 2021ல் ஹாம்ப்ஷயருக்கு எதிராக ஓர் ஆட்டத்தைக் காப்பாற்ற 278 பந்தில் 37 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். டெல்லியில் கிடைக்காத டிரா அங்கே கிடைத்தது. 2022ல் சரே கவுண்டி சாம்பியன்ஷிப்பை வென்றது. 2023 ஜனவரியில் எல்லா வகை ஆட்டத்திலிருந்தும் ஓய்வு. பிறகு எம்ஐ கேப் டவுன் அணிக்கு பேட்டிங் பயிற்சியாளரானார்.

சரி, தமிழ்ப் பெயரோட யாராவது தென்னாப்பிரிக்காவுக்கு ஆடினாங்களா அங்கிள்?

செனுரன் முத்துசாமி. டர்பன் பையன், முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் அறிமுகம், முதல் விக்கெட்டே விராட் கோலி. 2025 நவம்பரில் குவாஹாட்டியில் இந்தியாவுக்கு எதிராக 109. அந்தச் சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் வகுப்பில் பிள்ளைகள் அவர் பெயரைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். 'மு', 'த்', 'து' என்று கூட்டி எழுதக் கற்றுக்கொண்டவர்கள் நான்கு பேர்.

ஆம்லாவோட ஒரே ஒரு இன்னிங்ஸ் பார்க்கலாம்னா எதைப் பார்க்கிறது?

311ஐச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் சொல்வது 2010 பிப்ரவரி, கொல்கத்தாவில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸ். நாக்பூரில் ஆட்டமிழக்காமல் 253, கொல்கத்தா முதல் இன்னிங்ஸில் 114. இரண்டாவதில் அணி டிராவுக்காகப் போராடுகிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஆம்லா 394 பந்து நின்று ஆட்டமிழக்காமல் 123. அந்தத் தொடரில் மூன்று இன்னிங்ஸில் 490 ரன், அவுட்டானது ஒரே முறை.

கடைசி விக்கெட்டுக்கு மோர்னே மோர்கல் துணைக்கு வந்தார். இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். ஆட்டம் முடிய ஒன்பது பந்து இருக்கும்போது ஹர்பஜன் பந்தில் மோர்கல் எல்பிடபிள்யூ, ஆட்டம் இந்தியாவுக்கு. ஹர்பஜன் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார், ஈடன் கார்டன் முழுக்க இரைச்சல். ஐந்தேகால் ஆண்டுக்கு முன் 24, 2 என்று தொடங்கிய அதே மைதானம். காணொளி கிடைத்தால் ஹர்பஜனை விட்டுவிட்டு எதிர்முனையைப் பாருங்கள்.